எவ்வளவு தூரம்தான் பறக்கலாம்? - ஸ்கீ ஃப்ளையிங் உலகப் போட்டியின் கதை

ஒலிம்பிக் நேரத்தில் டி.வி.யில் ஸ்கீ ஜம்பிங் பார்த்திருப்பீர்கள். காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் வேகமாக இறங்கி, விளிம்பில் எம்பிக் காற்றில் போவார்களே, அதுதான். அதற்கு ஒரு அண்ணன் உண்டு. பெயர் ஸ்கீ ஃப்ளையிங். அதே விளையாட்டுதான், ஆனால் மேடு மிகப் பெரியது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி 200 மீட்டருக்கும் மேல் பறப்பார்கள். அதாவது இரண்டு கால்பந்து மைதானங்களின் நீளம்! ஒலிம்பிக்கில் இதற்கு இடமில்லை. தனியாக உலகச் சாம்பியன்ஷிப் உண்டு.

இந்த விளையாட்டைச் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு ஆசைப்பட்டுப் பெற்றெடுக்கவில்லை. 1930களில், 80 மீட்டருக்கு மேல் தாண்ட வைக்கும் பெரிய மேடுகளே வேண்டாம் என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள பிளானிட்சா என்ற பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1936இல் அங்கே 18 வயது ஆஸ்திரியப் பையன் செப் பிராடில் 101 மீட்டர் தாண்டினான். மனிதன் 100 மீட்டரைக் கடந்தது அதுவே முதல் முறை. அதன்பிறகு யார் சொல்லி யார் கேட்பது?

முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1972இல் அதே பிளானிட்சாவில்தான் நடந்தது. வென்றவர் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஸ்டைனர். மரச்சிற்பம் செதுக்குவது இவர் தொழில். இந்தப் போட்டியின் சிக்கல் என்ன என்பதை இவர் கதையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பறப்பவர் தரையிலிருந்து ரொம்ப உயரத்தில் போவதில்லை. சரிவை ஒட்டியே, சில மீட்டர் மேலே போகிறார். இறங்கும் இடமும் சரிவாக இருப்பதால்தான் கால் உடையாமல் வழுக்கிக்கொண்டே தரையைத் தொட முடிகிறது. ஆனால் சரிவு ஒரு இடத்தில் முடிந்து சமதரையாக வளையத் தொடங்கும். அதையும் தாண்டிப் பறந்துவிட்டால் மாடியிலிருந்து விழுவது போலத்தான். எனவே இந்த விளையாட்டில் அதிகத் திறமையே ஆபத்து!

1973இல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் இரண்டாவது போட்டி. புறப்படும் இடம் எல்லோருக்கும் ஒன்று. மற்றவர்களுக்குச் சரியாக இருந்த அந்த உயரம் ஸ்டைனருக்கு அதிகம். 175 மீட்டர் பறந்தார், விழுந்தார். 179 மீட்டர் பறந்தார், மறுபடி விழுந்தார். இரண்டுமே அன்றைய உலகச் சாதனையைவிட அதிகம். ஆனால் விழுந்தால் சாதனை கிடையாது. தங்கம் கிழக்கு ஜெர்மனியின் ஹான்ஸ் கியார்க் ஆஷன்பாகுக்குப் போனது, ஸ்டைனருக்கு வெள்ளி. அடுத்த ஆண்டு பிளானிட்சாவில் நடந்த வேறொரு போட்டியில், அவரே கேட்டு மற்றவர்களைவிடக் கீழிருந்து புறப்பட்டார். உயிர்மேல் ஆசை உள்ள மனிதர்! அப்படியும் வென்றார். இதை வெர்னர் ஹெர்சாக் ஆவணப்படமாகவே எடுத்திருக்கிறார். 1977இல் நார்வேயின் விக்கர்சுண்டில் ஸ்டைனர் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனாலும் தூரம் ஏறிக்கொண்டே போனது. 1986இல் ஆஸ்திரியாவின் குல்ம் மேட்டில் ஆண்ட்ரியாஸ் ஃபெல்டர் 191 மீட்டர் பறந்து சாம்பியன் ஆனார். அந்தப் போட்டியில் மோசமான விபத்துகளும் நடந்தன. கூட்டமைப்பு ஒரு வினோதமான முடிவுக்கு வந்தது. 191க்கு மேல் எவ்வளவு பறந்தாலும் 191 என்றே கணக்கு! தூரத்துக்காகவே நடக்கும் போட்டியில் தூரத்துக்கு உச்சவரம்பு. சிரிப்பாக இருந்தாலும், விழுந்தவர்களை நினைத்தால் சிரிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே போலந்தின் பியோத்ர் ஃபியாஸ் பிளானிட்சாவில் 194 பறந்தார். காகிதத்தில் போட்ட வேலியைக் காற்று மதிக்குமா?

1994 சாம்பியன்ஷிப்புக்காக எல்லோரும் பிளானிட்சாவில் கூடியிருந்தபோது 200ம் உடைந்தது. முதலில் கடந்த ஆண்ட்ரியாஸ் கோல்ட்பெர்கர் இறங்கும்போது கையைப் பனியில் ஊன்றிவிட்டார், அது செல்லவில்லை. சற்று நேரத்தில் ஃபின்லாந்தின் டோனி நியெமினென் 203 மீட்டரில் நின்றார். அவருக்கும் வயது 18தான்.

ஸ்டைனரின் பிரச்சினைக்கு விடை கிடைக்க 2010 வரை ஆனது. இப்போது ஒரு வீரர் கீழிருந்து புறப்பட்டால் ஈடாகப் புள்ளிகள் சேர்க்கிறார்கள், மேலிருந்து புறப்பட்டால் கழிக்கிறார்கள். காற்றுக்கும் இதே கணக்கு. கணக்குப் பதிவியல் படிப்பவர்களுக்கு உடனே புரியும், சரிக்கட்டுப் பதிவு மாதிரி! பயிற்சியாளரே "என் ஆளைக் கீழே இறக்குங்கள்" என்று கேட்கலாம். வீரர் குறிப்பிட்ட தூரத்தை எட்டினால் அந்தப் புள்ளிகளும் கிடைக்கும். நாலு சுற்றுகளையும் கூட்டித்தான் சாம்பியன் என்பதால் இந்தத் தசமங்கள் முக்கியம். 2020 டிசம்பரில் கார்ல் கைகர் தங்கம் வென்றது வெறும் அரைப் புள்ளி வித்தியாசத்தில்.

பெண்களுக்கு இந்தப் பெரிய மேடுகளில் தனிப் போட்டி வைத்ததே 2023இல்தான். 2024 வரை நடந்த உலகச் சாம்பியன்ஷிப் எதிலும் அவர்களுக்குப் பிரிவு இல்லை. ஆனால் 2025இல் நிகா பிரெவ்ட்ஸ் 236 மீட்டர் பறந்துவிட்டார். அதே மாதம் அவருடைய அண்ணன் டோமென் பிரெவ்ட்ஸ் பிளானிட்சாவில் 254.5 மீட்டர் பறந்து உலகச் சாதனையைப் பிடித்தார்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2024 ஏப்ரலில், ஜப்பானின் ரியோயு கோபயாஷி ஐஸ்லாந்தில் தனியாகக் கட்டிய ஒரு மேட்டிலிருந்து 291 மீட்டர் பறந்து விழாமல் நின்றார். கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. போட்டி விதிப்படி நடக்கவில்லையாம்.