முடியில் பின்னிய நகை... கண்ணீரைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட காலம்!

சாப்பாட்டில் ஒரு முடி கிடந்தால் தட்டையே தள்ளி வைத்துவிடுவோம். தலையில் இருக்கும்வரை எண்ணெய், ஷாம்பு, சீரம் என்று தாங்கு தாங்கென்று தாங்குகிற அதே முடி, உதிர்ந்த அடுத்த நொடியே குப்பை. ஆனால், 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த முடியில் பிரேஸ்லெட், கம்மல், மோதிரம், வாட்ச் செயின் எல்லாம் செய்து போட்டுக்கொண்டார்கள். பல சமயம் அது இறந்துபோனவரின் முடி. கேட்கும்போதே 'ஐயே' என்று இருக்கா? கொஞ்சம் பொறுங்க.

அன்றைக்கு கேலரியைத் திறந்தால் ஆயிரம் போட்டோ என்ற வசதி கிடையாது. போட்டோ எடுப்பதே சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரிய செலவு. காலராவும் காசநோயும் பிள்ளைகளைக்கூட விட்டுவைக்காத காலம் அது. ஒருவர் போய்விட்டால், அவர் உடம்பிலிருந்து கெட்டுப்போகாமல் சுலபமாக எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தவற்றில் ஒன்று முடி. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அவ்வளவு சீக்கிரம் மட்காது. எகிப்திய மம்மிகளின் தலையில் இன்னமும் முடி இருக்கிறதே!

விக்டோரியா கணக்கு

இந்த நகை என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர் இங்கிலாந்து ராணி விக்டோரியா. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் 42 வயதில் இறந்தார். அதன் பிறகு 1901-ல் தான் இறக்கும்வரை ராணி கறுப்பு உடையை விடவில்லை. ஆல்பர்ட்டின் முடி வைத்த லாக்கெட்டும் அவரிடம் இருந்தது. ராணி செய்தால் ஊர் செய்யாதா? துக்க நகைக்கு மவுசு கூடியது. ஆனால், பழக்கத்தைத் தொடங்கியவர் அவர் இல்லை. 1649-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட பிறகு, அவருடைய விசுவாசிகள் அவர் முடியை மோதிரத்திலும் லாக்கெட்டிலும் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது ஒருவகை அரசியல்!

துக்கத்துக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். காதலர்கள் மாற்றிக்கொண்டார்கள், தோழிகள் கொடுத்துக்கொண்டார்கள், தூரதேசம் போகிறவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

பின்னல் கோலாட்டம் மாதிரி

செய்முறைதான் இதில் அசத்தல். வெட்டிய முடியை முதலில் சோடா கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். காய்ந்ததும் நீளவாரியாகப் பிரித்து, 20, 30 முடிகள் கொண்ட சின்னச் சின்ன இழைகளாகக் கட்டுவார்கள். நடுவில் ஓட்டை போட்ட வட்ட மேஜை ஒன்று இருக்கும். இழைகளின் ஒரு முனையை எல்லாம் சேர்த்து நடுவில் கட்டி, ஓட்டை வழியாகக் கீழே ஓர் எடையைத் தொங்கவிடுவார்கள். மறுமுனைகள் மேஜையின் விளிம்பைச் சுற்றித் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஈயக்குண்டு, இழை தொய்யாமல் இருக்க.

பிறகு இந்த இழையை அந்தப் பக்கம், அந்த இழையை இந்தப் பக்கம் என்று ஒரு கணக்கோடு மாற்றி மாற்றிப் போட வேண்டும். நம்ம ஊர் பின்னல் கோலாட்டத்தில் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஆடும்போது மேலே கயிறு பின்னிக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அதேதான். ஒரு கம்பியையோ குச்சியையோ சுற்றிப் பின்னல் வளரும். முடிந்ததும் கம்பியோடு சேர்த்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சூட்டில் உலர்த்தி, பிறகு கம்பியை உருவிவிடுவார்கள். உள்ளே வெற்றிடம், வெளியே வலை. ஆனாலும் வடிவம் கலையாது. ஈரத்திலும் சூட்டிலும் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, உலரும்போது புது வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத்தலையைப் பின்னிப்போட்டு, காய்ந்ததும் பிரித்தால் சுருள் சுருளாக நிற்பதும் இதே வித்தையில்தான். கடைசியில் பொற்கொல்லர் இரண்டு முனையிலும் தங்கப் பூண் போட்டுக் கொடுப்பார்.

இன்னொரு முறை, முடியைத் தட்டையாக ஒட்டி, வெட்டி, இறகு போலவும் பூ போலவும் படம் செய்வது. கண்ணாடிக்கு அடியில் வைத்து புரூச் ஆக்குவார்கள். கம்பியில் சுற்றிப் பூமாலையாகச் செய்து சுவரில் மாட்டுவதும் உண்டு. சில மாலைகளில் ஒரு குடும்பமே இருக்கும்... ஆளுக்கொரு பூ.

இது அவர் முடிதானா?

இங்கேதான் சிக்கல். அம்மாவின் கடைசி முடிக்கற்றையை நகைக்கடையில் கொடுக்கிறீர்கள். அழகான பிரேஸ்லெட் வருகிறது. அது அம்மாவின் முடிதான் என்று எப்படித் தெரியும்? கொடுத்த முடி குட்டையாகவோ உடைசலாகவோ இருந்தால், அதே நிறத்தில் விலைக்கு வாங்கிய வேறு யாருடைய முடியையோ வைத்துச் செய்துவிடுகிறார்கள் என்ற சந்தேகம் அப்போதே பலமாக இருந்தது. 'நீங்களே வீட்டில் செய்யுங்கள்' என்று கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் வந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். மார்க் கேம்ப்பெல் என்பவர் 1867-ல் அமெரிக்காவில் வெளியிட்ட கையேடு அதில் பிரபலம்.

1847-ல் வந்த 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில்கூட ஒரு காட்சி உண்டு. இறந்துகிடக்கும் கேத்தரினின் லாக்கெட்டிலிருந்து கணவனின் முடியை எடுத்து வீசிவிட்டு, காதலன் தன் முடியை வைத்துவிடுவான். எழுதிய எமிலி பிராண்டி அடுத்த வருடமே இறந்துபோனார். எமிலி, ஆன் சகோதரிகளின் முடியில் பின்னியதாகக் கருதப்படும் பிரேஸ்லெட் ஒன்று ஹாவர்த் ஊரில் இருக்கும் பிராண்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'கருதப்படும்' என்றுதான் சொல்ல முடியும். வெட்டிய முடியில் வேர் இருக்காது. அதனால் டி.என்.ஏ வைத்து ஆளை உறுதி செய்வது இன்றைக்கும் லேசான காரியம் இல்லை.

நடந்தே போன பெண்கள்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் ஸ்வீடன் பெண்கள்தான். டாலர்னா பகுதியில் வோம்ஹூஸ் என்று ஒரு கிராமம். பாகம் பிரித்துப் பிரித்துத் துண்டாகிப்போன நிலம், கையில் காசில்லை. 19-ம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பெண்கள் முடிப் பின்னல் கற்றுக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஜெர்மனி, ரஷ்யா, இங்கிலாந்து என்று கிளம்பிப் போனார்கள். வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டு முடியிலேயே நகை பின்னிக் கொடுத்து, சம்பாத்தியத்தோடு ஊர் திரும்பினார்கள். பாஷை தெரியாத ஊரில், ஆண் துணை இல்லாமல்! சினிமாவே எடுக்கலாம். ஐரோப்பா முழுக்க ஃபேஷன் மாறி, முதல் உலகப்போரோடு இந்த நகை வழக்கொழிந்த பிறகும், வோம்ஹூஸில் கலை அறுந்துபோகவில்லை. இன்றும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள், செய்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைக் காப்பாற்றியவர் லீலா கொஹூன் என்ற சிகையலங்காரக் கலைஞர். 1956-ல் ஈஸ்டருக்கு ஷூ வாங்கப் போனவர், பழம்பொருள் கடையில் ஒரு முடி மாலையைப் பார்த்து, ஷூ காசை அதற்குக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே ஆரம்பித்தது, மிசௌரியின் இண்டிபென்டன்ஸ் நகரில் தனி மியூசியமாக வளர்ந்தது. 2024-ல் 92 வயதில் அவர் காலமானார். அவர் சேர்த்தவை இப்போது வேறு வேறு மியூசியங்களுக்குப் பிரிந்து போகின்றன.

இப்போ இன்ஸ்டாவில்

குழந்தையின் முதல் மொட்டை முடி, தொப்புள்கொடி, தாய்ப்பால் ஆகியவற்றை ரெசினில் பதித்து பென்டன்ட் செய்து தருகிறோம் என்று நம்ம ஊரிலும் நிறைய பேஜ்கள் இருக்கின்றன. ரெசினை ஊற்றிவிட்டால் பழைய வேலைப்பாட்டுக்கு வேலையில்லை என்பது என் வருத்தம். அது கிடக்கட்டும். செய்யக் கொடுப்பதாக இருந்தால், இருக்கும் முடி முழுவதையும் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். பாதியை வீட்டில் வையுங்கள். பார்சல் தொலைந்தால் திரும்ப வளர்வது அதே முடி இல்லையே! வேலை நடக்கும்போதே போட்டோ, வீடியோ கேளுங்கள். ரெசின் வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளாகும் என்பதால், தினமும் போட்டுக்கொண்டு வெயிலில் அலைய வேண்டாம். வீட்டில் எடுத்து வைக்கும் முடியை நன்றாகக் காயவைத்து, காகிதக் கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பூச்சிகளுக்குக் கெரட்டின் ரொம்பப் பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறையாவது கவரைத் திறந்து பாருங்கள்.