எதுவும் ஒட்டாத தாள்

2020 ஊரடங்கில் அம்மாவின் பிறந்தநாளுக்காக முதல்முறை கேக் செய்தேன். பட்டர் பேப்பர் கிடைக்கவில்லை. தாள்தானே என்று ஒரு ஏ4 தாளை வெட்டி டின்னில் போட்டேன். வெந்தபிறகு கேக்கும் தாளும் பிரிய மறுத்துவிட்டன. அம்மா கத்தியால் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே, "இன்ஜினியரிங் படிச்சு என்னடா பிரயோஜனம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் அந்தத் தாளைப் பற்றித் தேடிப் படித்தேன்.

பெட்டியில் ‘பார்ச்மென்ட்’ என்று போட்டிருக்கும். பார்ச்மென்ட் உண்மையில் தோல். ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ சுண்ணாம்புநீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிக் காயவைப்பார்கள். பெர்கமோன் நகரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. விலை அதிகம் என்பதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதுவதும் உண்டு. ஆர்க்கிமிடீஸின் நூல்களைத் தாங்கிய 10ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றை 13ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் ஜெபப் புத்தகமாக்கினார்கள். ஆனால் தோல் மறக்கவில்லை. 1906இல் ஹைபர்க் என்ற டேனிஷ் அறிஞர் ஜெபங்களுக்கு அடியில் ஆர்க்கிமிடீஸை அடையாளம் கண்டார்.

1840களில் பிரான்சில் பூமரேட், ஃபிகியே இருவரும் தாளைக் கந்தக அமிலத்தில் முக்கிப் பார்த்தார்கள். அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தில் கெய்ன் அதை மேம்படுத்தினார். அமிலம் பட்டதும் செல்லுலோஸ் இழைகள் கூழாகி, தாளின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். உடனே கழுவிவிட வேண்டும். தாமதித்தால் தாளே கரைந்துவிடும். இப்படி வந்த தாள் தோல்போல உறுதியானது, ஈரத்தில் கிழியாது. அதனால்தான் பார்ச்மென்ட் என்ற பெயரும் அதற்கு வந்தது.

எண்ணெயும் அதில் ஊறாது. அதனால் வெண்ணெய் சுற்றப் பயன்பட்டது. நம் கடைகளில் ‘பட்டர் பேப்பர்’ ஆனது. பின்னாளில் மேலே சிலிக்கோன் பூசினார்கள். இப்போது மாவும் ஒட்டாது. மெழுகுத்தாள் வேறு, அது அவனில் உருகிவிடும்.

எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால் மதிக்கப்பட்ட பொருளின் பெயர், எதையும் பிடித்துக்கொள்ளாத தாளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நானும் இப்போது அதைப் போட்டுத்தான் பேக் செய்கிறேன். கேக் சுத்தமாகக் கழன்று வருகிறது. தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறேன்.

அம்மாவின் சமையல் நோட்டு சாதாரணக் கோடு போட்ட நோட்டுதான். அதிரசப் பக்கத்தில் எண்ணெய் ஊறி, மறுபக்க எழுத்தும் சேர்ந்து தெரிகிறது. ஸ்கேன் பண்ணித் தரேன், புது நோட்டுல எழுதிக்கலாம்னு சொன்னேன். "வேணாம், கறையப் பாத்துத்தான் பக்கத்தையே கண்டுபிடிப்பேன்" என்றாள்.