பல்கலைக்கழகத்துக்கே மூத்த கல்லூரி: தடைக்குப் பின் மீண்டது எப்படி?

அப்துல் கலாம் 1954-ல் இயற்பியல் பட்டம் பெற்ற திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியை எல்லாருக்கும் தெரியும். ஆனா, அது தொடங்கினது திருச்சியில் இல்ல. அதன் முன்கதை தூத்துக்குடி கடற்கரை வரைக்கும் நீளுது.

முத்துக்குளித்துறையில் என்ன நடந்தது?

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளார் தமிழ் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். மொத்தமே 16 பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் இதுதான்.

ஏன் தடைபட்டது?

1658-ல் தூத்துக்குடி போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. 1773-ல் போப் 14-ம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். பணியைத் தொடர ஆளில்லாத நிலை. 1814-ல்தான் தடை நீங்கியது.

மறுபிறப்பு எங்கே?

திரும்பி வந்த துறவிகள் 1844-ல் நாகப்பட்டினத்தில் கல்லூரி தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததே 1857-ல்தான். அதாவது, கல்லூரி 13 ஆண்டு மூத்தது! 1883-ல் அது திருச்சிக்கு மாறியது. 1923-ல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியும் உருவானது. 1948-ல் தூத்துக்குடியில் பெண்களுக்காகத் தூய மரியன்னை கல்லூரி வந்தது. மாப்பிள்ளையூரணி போன்ற பக்கத்து ஊர்ப் பெண்கள் படிக்க வெளியூர் போக வேண்டிய கட்டாயம் இல்லாம போச்சு.

அப்போ இது பல்கலைக்கழகமா?

இல்ல. செயின்ட் ஜோசப் 1978-ல் தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டம், தேர்வு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் தருவது மட்டும் பாரதிதாசன் பல்கலைக்கழகம். பாளையங்கோட்டை, தூத்துக்குடி கல்லூரிகளுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பெங்களூருவின் கத்தோலிக்க நிறுவனமான கிறிஸ்ட், 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதால் பட்டத்தைத் தானே தருகிறது.

மாணவர்கள் என்ன கவனிக்கணும்?

'தன்னாட்சி'ன்னு போர்டு இருந்தா அது தனிப் பல்கலைக்கழகம்னு அர்த்தம் இல்ல. சேரும் முன் மூணு கேள்வி கேளுங்க: பட்டம் தருவது யார்? நீங்க எடுக்கும் பாடப்பிரிவுக்கு அனுமதி இருக்கா? அது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே கல்லூரியில் ரெண்டும் இருக்கலாம்; கட்டணம் பெரிய அளவில் மாறும். முதல் தலைமுறையா படிக்க வர்ற வீட்டுக்கு, கல்லூரியின் வயசைவிட இந்தப் பதில்தான் முக்கியம்.