கேழ்வரகு மூட்டை

அடுப்படியில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கும்போது என் அம்மாயி முதலில் ஊர்ப்பேரைத்தான் சொல்வாள். துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று. அந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை. அவள் பிறந்தது கண்டிச் சீமையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவளுடைய அம்மாயிதான் அந்த ஊரிலிருந்து நடந்து வந்தவள், தாது வருசப் பஞ்சத்தில்.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பாதி வழியில் பேதி கண்டு அவள் தாய் விழுந்துவிட்டாள். கூட்டம் காத்திருக்கவில்லை. தழை வெட்டி உடம்பின் மேல் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். தாயின் தோளில் இருந்த கேழ்வரகு மூட்டையை மகள் வாங்கிக்கொண்டாள். விதைக் கேழ்வரகு அது. எவ்வளவு பசித்தும் ஒரு பிடி எடுத்துத் தின்னவில்லை.

சிறுமியாகக் கேட்டபோது தாயை விட்டு நடந்த இடத்தில் அழுதிருக்கிறேன். மூட்டையைப் பற்றி யோசித்ததில்லை. கோத்தகிரியில் ஆசிரியையாகி வரலாற்றுப் புத்தகங்களைத் தேடிப் படித்த பிறகுதான் அது உறைத்தது. தேயிலைக்கு முந்தைய காப்பிக் காலத்தில் ஆட்கள் பருவத்துக்குப் போய்ப் பழம் பறித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பெரும்பாலும் ஆண்கள். 1876–78 பஞ்சம்தான் குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்ட வைத்தது. மழை பெய்ததும் வந்து விதைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இல்லாமலா விதையைச் சுமந்து போயிருப்பாள் அந்தத் தாய்? கூலிக் கணக்கு ஏடுகளில் தலை எண்ணிக்கை இருக்கும். திரும்பி வர நினைத்தார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதையில்தான் இருக்கிறது.

1869இல் இலைநோய் கண்ட காப்பி, அடுத்த இருபது வருடத்துக்குள் அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையில் வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். அதனால் குடும்பங்கள் லயத்திலேயே தங்கிப்போயின. கடைசியில் அந்த விதையை லயத்துக் கோடியில் தூவினார்கள் என்று அம்மாயி முடிப்பாள். முளைத்ததா என்று சொன்னதில்லை.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்தவனா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. அம்மாயியின் தகப்பன் அங்கே பிறந்தவர்தான். நிரூபிக்கக் காகிதம் இல்லை. என் பாட்டி நடந்து வந்த வழியை மடம் மடமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று இவள் சொன்னாளாம். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டாராம். சட்டம் ஆண்வழி கேட்டது. எங்கள் வீட்டுக் கதையோ அம்மாயியிடமிருந்து பேத்திக்குப் பெண்வழியில் வந்தது. அந்த அநியாயம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பங்கிட்டுக்கொள்ளலாம். யாரும் எங்களைக் கேட்கவில்லை. மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர். 1972இல் எனக்குப் பதினான்கு வயது. அந்தக் கோச்சியில் தலைமன்னார் போய், கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். அங்கிருந்து மண்டபம் முகாம்.

முகாமில் நுழைந்ததும் அம்மாயி அப்படியே நின்றுவிட்டாள். ‘இது உங்க தாத்தா சொன்ன எடம்டி’ என்றாள். தாத்தா இருபது வயதில் கங்காணியோடு கிளம்பியபோது இதே முகாமில்தான் நாள்கணக்கில் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, கழுத்தில் தகரத் துண்டு கட்டி அனுப்பினார்கள். கடற்காற்றில் மணல் வந்து சோற்றில் விழும் என்று அவர் சொல்லியிருந்தார். அன்று இரவு எங்கள் சோற்றிலும் மணல் விழுந்தது. தாத்தா செத்துப் பத்து வருடமாகியிருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாயி அழுதாள். புது நாட்டில் அவளுக்குத் தெரிந்திருந்தது அந்த மணல் ஒன்றுதான்.

பிறகு நீலகிரி. திரும்பி வந்தவர்களுக்கென்று அரசு போட்ட டான்டீ தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து, மறுபடியும் கூடை. ஊர்க்காரர்கள் எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்றார்கள். அங்கே இந்தியாக்காரர்கள், இங்கே சிலோன்காரர்கள். நாங்கள் யார் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் அந்தக் கதைதான் இருந்தது.

போன பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த பேத்தி, செல்போனில் பதிவு போட்டுக்கொண்டு கதை கேட்டாள். கதையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசல்வரை வந்துவிட்டேன். அவள் குறுக்கே கேட்டாள்: ‘அம்மாயி, அந்தப் பிள்ள மூட்டைய எந்தத் தோள்ல தூக்கிட்டு வந்துச்சு?’

யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் பதில் தெரிந்திருந்தது. கதை அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் அம்மாயியின் வலது கை தானாக இடது தோளுக்குப் போகும். பேத்தி செல்போனைத் தாழ்த்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், என் கையும் அங்கேதான் இருந்தது.