கள்ளத்தோணி

பாக்கு நீரிணையின் வடமுனையில் யாழ்ப்பாணத்துக்கு எதிர்க்கரையாய் அமைந்த கோடியக்கரை போன்ற தமிழகக் கரைகளிலிருந்து அனுமதியின்றி இலங்கைக்குக் கடந்த படகுகளையும் அவற்றில் சென்றோரையும் சுட்டிய இச்சொல், காலப்போக்கில் மலையகத் தமிழர் அனைவர்மேலும் எறியப்பட்ட இன நிந்தையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில் பகிரங்கமாகவே திரட்டிச் செல்லப்பட்ட தொழிலாளரின் சந்ததியாரான அவர்களுக்கு இது எள்ளளவும் பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயினும், 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அவ்வசைக்குச் சட்டத்தின் பலமும் சேர்ந்தாற்போலாயிற்று. 1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகுத்தது. ஒரே மொழி பேசும் வடபுலத்தாரிலும் சிலர் இம்மக்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று இகழ்ந்தமை மிகுந்த வேதனைக்குரியது.

இழிவைச் சுமந்தவர் தம் சரித்திரத்தை எழுதுகையில் இத்தகைய சொற்களைக் கையாளுவது வேறு தன்மையது; மலையகத்தவரான மு. நித்தியானந்தன் 2014-இல் தம் ஆய்வு நூலுக்குக் ‘கூலித் தமிழ்’ என்று பெயரிட்டது அவ்வுரிமையின்பாற்பட்டது. பிறர் இவற்றை ஆராய்ச்சியின் பொருட்டு மேற்கோளாக எடுத்தாளலாம். விளையாட்டாகவேனும் ஒருவரை இப்பெயர்களால் விளிப்பது தகாது.