இலவசக் குடையும் சுதேசிக் கப்பலும்

மழைக்கும் வெயிலுக்கும் மனிதனுக்குக் காவலாய் அமைவது குடை. அந்தக் குடையே ஒரு கப்பல் கம்பெனியைக் கவிழ்க்க ஏவப்பட்ட படைக்கலமாயிற்று என்றால், கேட்போர் நகைக்கக் கூடும். ஆயினும் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிகழ்ந்தது அதுதான். 1906 முதல் 1911 வரை ஐந்தாண்டுகளே நிகழ்ந்த அக்கதையை நம் குடும்பங்களில் பெரியோரும் இளையோரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம். வ. உ. சிதம்பரனாரின் சிறைவாழ்வை அறிந்தவர் பலர். அவர் இழுத்த செக்கைப் பற்றிப் பேசாத மேடையில்லை. ஆனால், அவர் நடத்திய வாணிகத்தின் வரவு செலவை எண்ணிப் பார்த்தோர் சிலரே. நாம் இங்கே பார்க்கப் புகுவது அந்த வரவு செலவையே.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே உள்ள கடல்வழி தென்பாண்டி நாட்டார்க்குப் புதியதன்று. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் தலைமுறை தலைமுறையாக அக்கடலைக் கடந்து வாணிகம் செய்தவர்கள். பாய்மரக் கப்பல்கள் இருந்த காலத்தில் கலமும் நம்முடையது, சரக்கும் நம்முடையது, கணக்கேடும் நம்முடையது. நீராவிக் கப்பல் வந்த பின் நிலைமை மாறிற்று. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி இவ்வழியைத் தன் தனியுரிமை போலவே ஆண்டு வந்தது. அக்கம்பெனிக்குத் தூத்துக்குடியில் முகவர்களாய் இருந்தவர்கள், கோரல் நூற்பாலையை நடத்திய ஹார்வி நிறுவனத்தார். ஆலையும் அவர்கள் கையில், கப்பலும் அவர்கள் கையில் என்றால், ஊரின் வாணிகம் யார் கையில் இருந்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

பங்கு சேர்ந்த வரலாறு

இந்நிலையை மாற்ற முனைந்தவர் சிதம்பரனார். 1872-ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் பிறந்த இவர் வழக்கறிஞர். பரம்பரை வணிகர் அல்லர். தருமசங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை என உள்ளூர்த் தொழில்களைத் தொடங்கிப் பழகிய பின்னரே அவர் கடலின்மீது கண் வைத்தார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு பெற்றது. முதல் 10 இலட்சம் ரூபாய் எனவும், பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள் எனவும் வகுக்கப்பட்டது. இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டார் ஆகியோரே பங்கு வாங்கலாம் என்பது விதி.

கம்பெனியின் தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். சட்ட ஆலோசகருள் ஒருவர் சேலம் விஜயராகவாச்சாரியார். பங்கு வாங்குமாறு மக்களைத் தட்டியெழுப்பிய எழுத்து, ‘இந்தியா’ இதழில் பாரதியார் எழுதிய எழுத்து. இவர்களோடு ஒருவரை நாம் மறந்துவிடலாகாது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்சம் ரூபாய் தந்தார். மொத்தப் பங்கில் ஐந்தில் ஒரு பகுதியை ஒரு முஸ்லிம் பெருமகனார் தனியாகத் தாங்கினார் என்பது கணக்கு. அந்நாளில் 2 இலட்சம் என்பது ஏழு தலைமுறைக்குப் போதுமான செல்வம். அதனைக் கடலில் விடுகிறோம் என்று அறிந்தே அவர் விட்டார்.

‘நம்மவர் கடை’ என்று இன்று நாம் பேசுகிறோம். அந்த ‘நம்மவர்’ யார் என்பதற்கு இக்கம்பெனியின் பங்கேடே விடையாகும். சைவர் தொடங்கினார், தேவர் தலைமை தாங்கினார், ஹாஜியார் பொருள் தந்தார், வைணவர் சட்டம் சொன்னார். ஊரில் வாழ்ந்து, ஊரில் ஈட்டி, ஊரிலேயே செலவிடுவோர் அனைவரும் நம்மவர் என்பதே அன்றைய கொள்கை.

கலம் பெற்ற வரலாறு

கம்பெனி தோன்றியபோது அதற்கென்று ஒரு கப்பலும் இல்லை. பம்பாய் வணிகர் எஸ்ஸாஜி தாஜ்பாய் நடத்திய ஷா லைன் கம்பெனியிடமிருந்து கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்தே ஓட்டத்தைத் தொடங்கினர். பிரிட்டிஷ் கம்பெனி அந்த வணிகரை நெருக்கவே, குத்தகை முறிந்தது. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி, ஓட்டம் நில்லாமல் காத்தார் சிதம்பரனார். இரவல் கலம் என்றும் இரவலே என்பதை உணர்ந்து, சொந்தக் கப்பல் வாங்கப் பொருள் திரட்ட வடநாடு சென்றார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று சூள் உரைத்துச் சென்றதாகக் கூறுவர்.

சொன்ன சொல்லைக் காத்தார். 1907-இல் ‘காலியா’ என்னும் கப்பல் வந்தது. பிரான்சிலிருந்து ‘லாவோ’ என்னும் கப்பலும் வந்து சேர்ந்தது. ஒரு கப்பல் ஏறத்தாழ 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றிச் செல்லத் தக்கது. தூத்துக்குடிக் கரையில் திரண்ட மக்களின் களிப்புக்கு எல்லை இல்லை.

கட்டணம் குறைந்த கதை

இனித்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் கம்பெனி தன் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே பிரிட்டிஷ் கம்பெனி, எம் கப்பலில் கட்டணமே வேண்டா, வருவோர்க்கு ஒரு குடையும் தருவோம் என்று அறிவித்தது. பெருந்தொகை தந்து சிதம்பரனாரை விலக்கவும் முயன்று பார்த்தது, அவர் இணங்கவில்லை.

கட்டணம் வாங்காமல் ஏற்றிச் செல்பவன் கரிக்குக் காசு எங்கிருந்து கொடுக்கிறான்? மாலுமிக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? குடைக்கு விலை யார் தந்தது? பிரிட்டிஷ் கம்பெனிக்கு இந்தத் தூத்துக்குடி வழி, பல வழிகளுள் ஒரு வழி. கல்கத்தாவிலும் இரங்கூனிலும் ஈட்டியதைத் தூத்துக்குடியில் இழக்க அதனால் முடியும். சுதேசிக் கம்பெனிக்கோ இந்த ஒரு வழியே உயிர். இங்கு இழந்தால் வேறெங்கும் ஈட்ட இயலாது. பெரியவன் விலை குறைப்பது கொடையன்று. சிறியவன் சாய்கின்ற வரையில் தாங்குவதற்கு அவன் ஒதுக்கிய செலவு அது. சாய்ந்தபின் அச்செலவை நம்மிடமே வசூலிப்பான்.

சரக்கு ஏற்றும் வணிகரைப் பிணைத்து வைக்க அக்காலத்துப் பெரிய கப்பல் கம்பெனிகள் வேறொரு முறையும் வைத்திருந்தன. குறிப்பிட்ட தவணை முழுதும் தம் கப்பலிலேயே சரக்கு ஏற்றினால், கட்டிய கூலியில் ஒரு பங்கைப் பின்னர்த் திருப்பித் தருவர். இடையே ஒரு மூட்டையேனும் பிறர் கப்பலில் ஏறிவிட்டால் அத்தொகை முழுதும் பறிபோகும். இவ்வாறு வணிகரின் சொந்தப் பணமே அவர் காலுக்கு விலங்காயிற்று.

இது தூத்துக்குடிக்கு மட்டும் நேர்ந்ததன்று. சிட்டகாங் முஸ்லிம் வணிகர்கள் 1905-இல் இரங்கூன் வழியில் வங்காள நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினர். அதற்கும் இதே கட்டணப் போரே கூற்றுவனாய் வந்து, சில ஆண்டுகளில் அதனை முடித்தது.

அரசும் ஊரும்

சுதேசிக் கம்பெனியின் வீழ்ச்சிக்குக் குடை ஒன்றே காரணம் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. ஆட்சியின் கை கடுமையாக விழுந்தது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். ஊராரும் அவர்கள் பட்டினி கிடக்க விடவில்லை. ஆலை நிருவாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர்; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கடைகள் மூடப்பட்டன. ஜூலை 7-ஆம் நாள் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைந்தது.

இந்நிகழ்ச்சிகளில் ஒன்றைக் கூர்ந்து நோக்குக. தலைவர் சிறைப்பட்டபோது ஊர் முழுதும் கடையடைத்தது, உயிரையும் தந்தது. அத்தகைய ஊரில், தலைவர் சிறையில் இருந்த காலத்தில், அவர் விட்டுச் சென்ற கப்பல்கள் மெல்ல மெல்ல நலிந்தன. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விலைக்குப் போயின. எவரை எதிர்த்து வாங்கப்பட்டனவோ அந்தப் போட்டியாளர் கைக்கே போய்ச் சேர்ந்தன. ஒரு நாள் உயிரைத் தருவதற்கு ஆயத்தமாக இருந்த மக்கள் நாள்தோறும் எட்டணாவைத் தர ஆயத்தமாக இருந்தனரா என்பதே நம் நெஞ்சை உறுத்தும் கேள்வி.

ஏழைக் கூலியாளை நாம் குறை கூறோம். எட்டணா மிஞ்சினால் பிள்ளைகளுக்கு ஒருநாள் சோறு என்று கணக்கிடுபவன் இலவசக் கப்பலில் ஏறினால் அது குற்றமாகாது. கை நிறைந்தோரும், பங்கு வாங்கியோரும், சரக்கு அனுப்பியோரும் என்ன செய்தனர் என்பதே நாம் கேட்பது. வாணிக நிறுவனத்தை அரபு மொழியில் ‘ஷரிக்கா’ என்பர். கூட்டாளியாதல் என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். கூட்டாளி என்பவன் இலாபத்தில் மட்டுமன்றி நட்டத்திலும் கூடி நிற்பவன். பங்குச் சீட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, மூட்டையை அயலான் கப்பலில் ஏற்றுபவன் ‘ஷரீக்’ ஆகமாட்டான்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் சிதம்பரனார் விடுதலை பெற்றார். வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. கடலில் கப்பல் விட்ட அந்தக் கை, சென்னையில் ஒரு சிறு கடையில் மண்ணெண்ணெய் அளந்து விற்றது. அத்தெருவில் நடந்தோருள் எத்தனை பேர் அக்கடையைத் தேடிச் சென்று வாங்கியிருப்பர் என்று எண்ணும்போது நம் உள்ளம் கனக்கிறது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் அவர் மறைந்தார். 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பெயர் சூட்டுவது எளிது. பெயருக்கு உரியவன் வாழ்ந்த காலத்தில் அவன் கப்பலில் ஏறுவதே அரிது.

நமக்குரிய பாடம்

உள்ளூர்த் தொழிலுக்கு மூவகைத் துணை வேண்டும் என்று இவ்வரலாறு கற்பிக்கிறது. முதலாவது முதல்; ஹாஜி பக்கீர் சேட்டைப் போன்றோர் அதனைத் தந்தனர். இரண்டாவது மனவெழுச்சி, ஊர் மக்கள் அதனை அள்ளித் தந்தனர். மூன்றாவது வாடிக்கை. ஒருநாள் அன்று, ஒருமாதம் அன்று, ஆண்டு முழுதும் அந்தக் கடைக்கே செல்லும் சலியாத கால்கள் அவை. முதல் இரண்டும் கிடைத்தும், மூன்றாவது நிலைத்து நில்லாத இடத்தில் எந்தத் தொழிலும் வேரூன்றியதில்லை.

இன்று நம் தெருக்களைப் பாருங்கள். மளிகைக் கடை, துணிக்கடை, புத்தகக் கடை, தையற்கடை எனத் தந்தையிடமிருந்து மகன் பெற்று நடத்தும் கடைகள் இன்னும் உள்ளன. கைப்பேசியை ஒரு விரலால் தொட்டால் பொருள் வாயிலுக்கே வந்து சேர்கிறது. கொண்டு வந்து தருவதற்குக் கூலியில்லை. முதல் முறை வாங்குவோர்க்குத் தள்ளுபடி. சில வேளை அன்பளிப்பும் உண்டு. பழைய குடையே புது வண்ணத்தில் விரிகிறது. மாதக் கடைசியில் கடன் எழுதிக்கொள்பவரும், வீட்டில் மரணம் நேர்ந்தால் கடையைச் சாத்திவிட்டு ஜனாஸாவுக்கு முன்வரிசையில் நிற்பவரும் அந்தத் தெருக்கடைக்காரர்தாம். தள்ளுபடி தரும் பெருங்கம்பெனி நம் தெருவின் துக்கத்தை அறியாது.

கடைக்காரர்க்கும் ஒரு சொல் கூற விழைகிறோம். ஊர்க்காரன் என்பதற்காக மட்டும் ஒருவன் வாடிக்கையை உரிமையாகக் கேட்க முடியாது. நிறுவையில் குறையும், சரக்கில் கலப்பும், சொல்லில் பொய்யும் வைத்துக்கொண்டு ‘நம்மவர் கடைக்கு வாருங்கள்’ என்று அழைத்தால், அந்த அழைப்பு தானே தாழ்ந்துபோகும். சிதம்பரனார் தம் கட்டணத்தையும் குறைத்தார். பயணிக்கு நல்ல கலத்தையும் தேடித் தந்தார். அதன் பின்னரே மக்களை அழைத்தார்.

அடுத்த முறை ஒரு குடை இலவசமாக நீட்டப்படும்போது, அதனை வாங்குமுன் ஒரு நொடி நின்று, இதன் விலையைத் தருபவர் யார் என்று நம் பிள்ளைகள் கேட்கப் பழகினால் போதும். கேள்விக்கு விடை கிடைத்தபின், வாரத்தில் ஒரு நாளேனும் நம் தெருக்கடையின் படியேறட்டும். பெயர்ப் பலகையில் மட்டும் நாம் போற்றி வரும் அந்தக் கப்பலோட்டிக்கு நாம் இன்றும் செலுத்தக் கூடிய எட்டணாக் கட்டணம் அதுவேயாகும்.