பாட்டுக் காடை முட்டைக் காடையான வரலாறு

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ சந்தைக்குச் செல்வோர், புள்ளி விழுந்த சிறு முட்டைகள் தட்டுத் தட்டாக அடுக்கி விற்கப்படுவதைக் காண்பர். காடை முட்டை என்று நாமும், புயு முட்டை என்று மலாய் மக்களும் அவற்றை அழைக்கிறோம். அவற்றை இடும் பறவை இந்நாட்டுக் காட்டிலிருந்து வந்ததன்று. அது ஜப்பானியக் காடை. புல்வெளியில் மறைந்து திரிந்த அச்சிறு பறவை, மனிதன் அமைத்த பட்டிக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெருகத் தொடங்கிய வரலாறு, கோழியின் வரலாற்றைப் போலப் பலரும் அறிந்ததன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காடையைப் பிடித்து அடைத்து வைப்பது வேறு. அடைத்த இடத்திலேயே அதனை இனம் பெருக்குவது வேறு. முன்னது மிகப் பழைய பழக்கம். சங்க நூல்கள் குறும்பூழ் எனக் கூறுவது காடையையே. அதனைப் போருக்கு விடும் வழக்கம் கலித்தொகையில் பேசப்படுகிறது. கிளந்தான், திரங்கானுப் பகுதி மலாய் மக்கள், சித்திர வேலைப்பாடு அமைந்த பொறிக்கூண்டில் பழக்கிய பறவையை வைத்துக் காட்டுப் புயுவைப் பிடித்தனர். (அந்தப் புயு காடையைப் போலத் தோன்றினும் வேறு குடும்பத்தது, அதில் பெட்டை கூவி அழைக்கும், சேவலே அடைகாக்கும்.)

உரோமானியரோ இதனைப் பெரும் வாணிகமாகவே நடத்தினர். கி.மு. 37ஆம் ஆண்டையொட்டி உழவு நூல் எழுதிய வார்ரோ, பூங்குருவிகளோடு காடைகளையும் ஆயிரக்கணக்கில் அடைத்துக் கொழுக்க வைக்கும் கூடங்களை விவரிக்கிறார். சன்னல்கள் குறைவாகவே இருக்கவேண்டுமாம். வெளியே மரங்களையும் பிற பறவைகளையும் கண்டால் ஏக்கத்தால் உடல் மெலிந்துவிடுமாம். விற்பனைக்குக் கொழுக்க வைப்பவனின் இரக்கம் அது! எனினும் அவை வலசை வரும்போது பிடிபட்டவை. கூடத்திலே பிறந்தவை அல்ல.

கூண்டிலேயே காடையை இனம் பெருக்கிய பெருமை கிழக்காசியாவுக்கு உரியது. சீனத்திலிருந்து 11ஆம் நூற்றாண்டளவில் வளர்ப்புப் பறவையாகவே அது ஜப்பானுக்கு வந்தது என்பாரும், ஜப்பானியரே அதனைப் பழக்கினர் என்பாரும் உளர். 12ஆம் நூற்றாண்டு முதல் அங்கே காடை வளர்த்ததற்குச் சான்று உண்டு. வியப்பு என்னவெனில், அவர்கள் விரும்பியது இறைச்சியையோ முட்டையையோ அன்று; சேவலின் குரலையே. குயிலின் இனிமை அக்குரலில் இல்லை. ஆயினும் ‘கொகிச்சோ’ என்று ஒலிப்பதாக அவர்கள் செவிக்குப் பட்டது. அச்சொல்லுக்கு நற்சகுனம் என்பது பொருள். போர் மறவரான சாமுராய் அதனை விரும்பியதில் வியப்பில்லை. எடோ காலத்தில் (1603–1868) காடைகளைக் கூவவிட்டு மதிப்பிடும் போட்டிகள் நடந்தன. கபுகி நாடக அரங்குகளில் பக்கவாட்டில் தாழ அமைந்த இருக்கைப் பெட்டிகளுக்குக் ‘காடை’ என்றே பெயர் வழங்கியது. அவற்றின் குறுக்குச் சட்டங்கள் காடைக் கூண்டைப் போலத் தோன்றியமையே காரணம். கூண்டு மக்கள் கண்ணுக்கு எவ்வளவு பழகியிருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. 1910ஆம் ஆண்டளவில் முட்டைக்காகவே காடையைத் தெரிந்தெடுத்து வளர்க்கலாயினர். ஆறேழு வாரத்தில் பருவமடையும் பறவை. 17 அல்லது 18 நாளில் குஞ்சு பொரிக்கும் முட்டை. இவ்வளவு விரைவாகப் பலன் தரும் வளர்ப்புப் பறவை அரிது. தோயோஹாஷி, நகோயா முதலிய இடங்களில் பண்ணைகள் பெருகின. பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. வளர்ப்புக் காடைகள் ஏறத்தாழ முழுவதுமே அழிந்தன. போருக்குப் பின் எஞ்சிய சிலவற்றைக் கொண்டு முட்டைக் காடையை மீட்டனர். தோயோஹாஷி அமைந்த ஐச்சி மாநிலமே இன்றும் அத்தொழிலில் ஜப்பானில் முன்னிற்கிறது. பாட்டுக் காடையின் வழியோ மீளவில்லை. பல நூற்றாண்டுகள் பொறுமையாகத் தெரிந்தெடுத்த குரல் சில ஆண்டுகளில் மறைந்தது. முட்டைக்கு விலை உண்டு, குரலுக்கு இல்லை என்பதால் அதைத் தேடுவாரும் குறைவு போலும்.

வளர்ப்புக் காடையானாலும் காட்டின் இயல்பை அது முற்றும் விடவில்லை. அஞ்சினால் நேர்மேலே எம்பிப் பாயும். கூரை கடினமாயின் மண்டை உடையும். ஆகவே திறந்தவெளிப் பட்டிக்கு மேலே மெல்லிய வலை கட்டுவர், அல்லது கூரையை மிகத் தாழ்வாக அமைப்பர். எலியும் பாம்பும் நுழையாவண்ணம் கம்பிவலையின் கண் சிறிதாக இருக்கவேண்டும். புழுதியில் புரள மணல் வேண்டும். ஒளியும் முக்கியம்: நாளொன்றுக்கு 14 மணி நேரமளவு வெளிச்சம் கிடைத்தாலே நன்றாக முட்டையிடும். நம் நாட்டில் ஆண்டு முழுதும் பகல் 12 மணி நேரமே. ஆதலின் மாலையில் விளக்கேற்றுவர்.

இழந்தது அடைகாக்கும் குணம். பண்ணைக் காடை முட்டையை இட்ட இடத்திலே விட்டுப் போய்விடும், பொரிப்பதெல்லாம் பொறியே. ஆனால் புல்லும் புதரும் வளர்ந்த விசாலமான வெளிப்பட்டிகளில் விட்டுப் பார்த்த ஆய்வுகளில், கம்பிக் கூண்டில் அத்தனை தலைமுறை கழித்த அதே இனத்தின் பெட்டைகள் சில, மறைவிடம் தேடிக் கூடமைத்து, தாமே அடைகாத்துக் குஞ்சுகளை அழைத்துத் திரிந்தன.